திரும்பி வரும் டீசல்

டீசல் வண்டியில் டேங்கிலிருந்து கிளம்புகிற டீசல் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. ஒரு பங்குதான் நாசில் வழியாக சிலிண்டருக்குள் போகிறது. மீதி, பம்பின் உள் பாகங்களுக்கு வழுவழுப்புக் கொடுத்து, அவற்றின் சூட்டையும் வாங்கிக்கொண்டு, வேறொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வருகிறது. அந்தக் குழாயைப் பட்டறையில் ரிட்டர்ன் லைன் என்போம். வண்டிக்காரர்கள் பம்பைப் பற்றிக் கேட்பார்கள், நாசிலைப் பற்றிக் கேட்பார்கள், மைலேஜைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். ரிட்டர்ன் லைனைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. மெட்ராஸின் டீசல் தொழில் கடந்து வந்த பாதை முழுவதும் அந்த ஒரு குழாயில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சென்னை பாலவாக்கத்தில், ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருவில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை. இப்போதெல்லாம் அடிக்கடி வரும் புகார் இது: "அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது. டீசல் வாசனை மட்டும் அடிக்குது." வண்டியைத் தூக்கிப் பார்த்தால் அடித்தளத்தில், டிரைவர் சீட்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் அலுமினியத் தகடுகள் வைத்த ஒரு பெட்டி நனைந்திருக்கும். அதுதான் ஃபியூல் கூலர். திரும்பி வரும் டீசலை டேங்குக்குள் போகும் முன் ஆற வைக்கிற சாமான். நான் தொழில் கற்ற காலத்தில் அப்படி ஒன்று எந்தக் காரிலும் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. ஏன் என்று சொல்ல ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சரியாக ஓடியது. 1900ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை என்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கடலை எண்ணெயில் சமைத்து வளர்ந்த நமக்கு அது இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்த மனிதர் காணாமல் போனார். அவர் உயிரோடு இருந்தவரை டீசல் என்ஜின் ஆலைக்கும் கப்பலுக்கும் உரிய பெரிய உருவமாகவே இருந்தது. அதை ரோட்டுக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு பம்புக்கு உண்டு. 1927ல் பாஷ் கம்பெனி வரிசைப் பம்பைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யத் தொடங்கியது. 1936ல் பெர்லின் கண்காட்சிக்கு மெர்சிடிஸ் 260 டி வந்தது. கடையில் வாங்கக்கூடிய டீசல் கார் என்றால் அதுதான் முதல்.

மெட்ராஸுக்கு டீசல் கார் வழியாக வரவில்லை, லாரி வழியாக வந்தது. 1840ல் தொடங்கிய மவுண்ட் ரோட்டு சிம்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டி கட்டியது. 1903ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றையும் செய்து காட்டியது. அதே சிம்சன் 1950களில் பெர்கின்ஸ் பி6 டீசல் என்ஜினை இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. பெட்ரோலில் ஓடிய பல பழைய லாரிகளின் என்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெர்கின்ஸை இறக்கினார்கள். எண்ணூரில் 1948ல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் காமெட் லாரி வந்தது. பெங்களூரில் 1951ல் மைக்கோ தொடங்கியது. பாஷின் பம்பும் நாசிலும் அந்தப் பெயரில்தான் நமக்கு அறிமுகம். 2008ல் கம்பெனி பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் பழைய ஆட்கள் "மைக்கோ பம்ப்" என்றுதான் சொல்கிறோம். 1969ல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதும் டீசலே மெட்ராஸ் சரக்காகிவிட்டது.

இந்த லாரிகளையும் பஸ்களையும் நம்பி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் டீசல் பம்ப் சர்வீஸ் கடைகள் வளர்ந்தன. அப்படி ஒரு கடையில்தான் நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். மற்றப் பட்டறை போல அது கரியும் கிரீசுமாக இருக்காது. பம்ப் பிரிக்கிற மேஜை மேல் துத்தநாகத் தகடு அடித்திருக்கும், தூசு விழக்கூடாது என்று ஃபேன் போட மாட்டார்கள். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. ஒரு ஜோடியை இன்னொன்றோடு மாற்றிவிட்டால் இரண்டும் குப்பைக்குத்தான். மேஸ்திரி கழுவிய பிளஞ்சரை விரல் ரேகை படாமல் எடுத்து, பேரலைச் சரித்துப் பிடித்து மேலிருந்து விடுவார். அது தன் எடையில் மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும். தடதடவென்று விழுந்தால் தேய்மானம். நடுவில் நின்றால் அழுக்கு.

அடுத்தது கேலிப்ரேஷன். டெஸ்ட் பெஞ்சில் பம்பைப் பூட்டிச் சுற்றவிட்டால் முன்னால் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். ஆறு சிலிண்டர் என்றால் ஆறு குழாய். ஆறிலும் மட்டம் ஒன்றாக வரும் வரை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாசில் சோதனைக்குத் தனியாகக் கைப்பிடி வைத்த டெஸ்டர். அமுக்கினால் மூடுபனி மாதிரி பீச்சும். எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அந்த ஸ்ப்ரேக்கு முன்னால் கையைக் கொண்டுபோகாதே என்பதுதான். அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தின அளவுதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

அந்தக் கடையில் ரிட்டர்ன் லைன் கடைநிலைச் சாமான். நாசில் தலையில் ஒரு பேஞ்சோ போல்ட், இரு பக்கமும் செம்பு வாஷர், அதிலிருந்து ஒரு சின்னக் குழாய். ஒழுகினால் வாஷர் மாற்றுவார்கள். புது வாஷர் இல்லையென்றால் பழையதைக் கம்பியில் கோர்த்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். செம்பு இளகி மறுபடி படியும். சூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சின்னக் கார் நாசில் திறக்க நூற்றுச் சொச்சம் பார் அழுத்தம் போதும், லாரிக்கு இருநூறை ஒட்டி இருக்கும். அந்த அழுத்தத்தில் திரும்புகிற டீசல் வெதுவெதுப்பாக இருக்கும். டேங்குக்குப் போகும் வழியிலேயே ஆறிவிடும்.

1980 வாக்கில் அம்பாசடர் டீசல் வந்தது. 1,489 சிசி, 37 குதிரைத்திறன். இந்தியாவில் டீசல் கார் என்று விற்பனைக்கு வந்ததில் அதுதான் முதல். மேடு ஏற முனகும், நின்றிருக்கும்போது கண்ணாடி எல்லாம் நடுங்கும். ஆனால் டீசல் விலை அப்போது பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு. டாக்சிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் டாக்சி வைத்திருந்தவர்கள் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டு டீசல் என்ஜின் போட்டார்கள். லாரியும் பஸ்ஸும் மட்டும் வந்துகொண்டிருந்த கடைக்கு அப்போதுதான் கார்கள் வரத் தொடங்கின. 1998 கடைசியில் டாடா இண்டிகா அறிமுகமான பிறகு, சொந்த உபயோகத்துக்கே டீசல் கார் வாங்குகிற வழக்கம் நடுத்தர வீடுகளுக்கு வந்தது.

நான் பாலவாக்கத்துக்கு வந்தபோது இது பஞ்சாயத்து. மாநகராட்சியோடு சேர்ந்தது 2011ல்தான். அப்போது ரோட்டுக்கு இந்தப் பக்கம் சவுக்கும் தென்னையும், கடலை ஒட்டிக் குப்பம். இந்த ஊருக்கு டீசல் காரால் வந்த பழக்கமில்லை. தண்ணீர் லாரியாலும் படகாலும் வந்தது. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரம் முழுவதும் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் நிற்கிற பூமி. அதை உறிஞ்சி நகரத்துக்குக் கொண்டுபோன டேங்கர் லாரிகள்தான் என் முதல் வாடிக்கை. இன்னொரு பக்கம் கட்டுமரக்காரர்கள் என்ஜினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஐநா உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979லிருந்து நம் அபிராமபுரத்தில் அலுவலகம் வைத்து, துறைமுகம் இல்லாத கடற்கரையிலேயே இறங்கி ஏறக்கூடிய, சின்ன டீசல் என்ஜின் வைத்த படகுகளைச் செய்து பார்த்தது. அந்த முயற்சிகளின் காலத்தில் கண்ணாடியிழைப் படகும் என்ஜினும் கரையெங்கும் பரவின. நாசில் அடைப்பு, ஏர் லாக், தண்ணீர் கலந்த டீசல் என்று குப்பத்து இளைஞர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை நான் அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன். கரைக்கு வந்ததும் என்ஜினை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

பிறகு ஈசிஆர் அகலமானது, சுங்கச்சாவடி வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, கார்களின் ஜாதியே மாறியது. 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156ல் உலகத்துக்கு அறிமுகமான காமன் ரெயில் முறை 2002ல் ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ மூலம் நம் தெருவுக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். பழைய பம்ப் என்ஜின் சுற்றுக்கேற்ப அழுத்தம் கொடுக்கும். இதிலோ எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில், ஆயிரம் பாருக்கு மேல் வரை ஏறக்கூடிய அழுத்தம் நிற்கும். திறப்பதும் மூடுவதும் கம்ப்யூட்டர் வேலை. 2007ல் ஸ்விஃப்டில் ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் வந்ததும் ஊரே டீசலுக்கு மாறியது போலிருந்தது.

ஃபோக்ஸ்வாகன் குழுமம் அப்போது வேறு வழியில் போனது. 1998லிருந்து அவர்கள் தனிப் பம்பையே எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும் நாசிலும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு யூனிட்டை என்ஜின் தலைக்குள் பூட்டினார்கள். கேம் ஷாஃப்ட்டே அதை அமுக்கும். அழுத்தம் 2,000 பாருக்கும் மேல். 2005ல் இங்கே வந்த ஸ்கோடா லாராவின் 1.9 டிடிஐ இந்த வகை. இழுவை என்றால் அது இழுவை. நான் ஓட்டிப் பார்த்த டீசல்களில் கீழ்ச் சுற்றிலேயே அப்படி இழுத்தது குறைவு.

இந்த ஏற்பாட்டுக்குச் சூடாகத் தர வேண்டிய விலை பெரியது. அத்தனை அழுத்தத்துக்கு ஏறின டீசல் சட்டென்று விடுபட்டால் அந்தச் சக்தி சூடாக மாறும். அதோடு யூனிட்டுகள் உட்கார்ந்திருக்கிற இடமே கொதிக்கும் என்ஜின் தலை. அந்தச் சூட்டோடு டீசல் டேங்குக்குத் திரும்பினால், பிளாஸ்டிக் டேங்குக்கும் உள்ளே இருக்கும் மிதவைக்கும் ஆகாது. சூடான டீசல் இளகி மெலியும். வழுவழுப்புக் குறையும், அதே அளவில் எரிசக்தியும் குறையும். பழைய பம்ப் காலத்தில் கவலையே தராத ரிட்டர்ன் லைனுக்கு இங்கேதான் தனியாக ஒரு குளிர்விப்பான் தேவைப்பட்டது. சில வண்டிகளில் அது அடித்தளத்தில் காற்றில் ஆறும் தகட்டுப் பெட்டி. அதே மாதிரி யூனிட் இன்ஜெக்டர் வைத்த லேண்ட் ரோவர் டிடி5 போன்றவற்றில் என்ஜின் ஓரத்திலேயே ரேடியேட்டர் தண்ணீரால் ஆறும் வகை. இந்த இரண்டாவது வகை உள்ளுக்குள் ஓட்டை விழுந்தால் டீசலும் கூலன்ட்டும் கலந்துவிடும். ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் உப்பி ஊதிப்போகும். அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. காமன் ரெயில் சின்னக் கார்கள் பலவற்றில் கூலரே கிடையாது. நீளமான ரிட்டர்ன் குழாயே போகிற வழியில் சூட்டை விட்டுவிடும்.

அடித்தளத்துக் கூலர் ஐரோப்பாவின் நல்ல ரோட்டில் எப்படியோ, பாலவாக்கத்தில் அதற்கு மூன்று எதிரிகள். மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று அலுமினியத்தில் உப்பைப் படிய வைக்கும். கல் பட்டு மேல்பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து, உள்ளுக்குள் அரித்து, ஊசி முனை அளவுக்குத் துளை விழும். இரண்டாவது, உயரம் பார்க்காமல் போடும் வேகத்தடை. மூன்றாவது மழைத் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023ல் மிக்ஜாம் புயலிலும் நின்ற வண்டிகளின் அடித்தளத்தில் சேறு தகடுகளுக்கு நடுவே போய்க் காய்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. ஓடுகிற காற்றில் டீசல் பின்பக்கம் முழுவதும் பரவியிருக்கும், டேங்க்தான் ஓட்டை என்று தோன்றும். முதலில் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி, அடித்தளத்தைப் பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து நன்றாகக் காய விடுகிறோம். பிறகு கூலர் மேலும் ஹோஸ் மூட்டுகள் மேலும் முகப் பவுடரைத் தூவுகிறோம். என்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் முதலில் கருத்து நனைகிற புள்ளி தெரியும். மூட்டிலா, ஹோஸிலா, தகட்டுக்குள்ளா என்பது தெளிவாகிவிடும். மூட்டு என்றால் கிளிப்பும் ஹோஸும் போதும், டீசல் தாங்குகிற ஹோஸாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீக்கிரமே உப்பிவிடும். தகட்டுக்குள் என்றால் கூலரைக் கழற்றி ஒரு வாயை அடைத்து, மறுவாயில் லேசாகக் காற்று விட்டுத் தண்ணீரில் முக்குவோம். ரிட்டர்ன் லைனில் அழுத்தம் குறைவுதான். டயருக்கு அடிக்கிற காற்றை விட்டால் நல்ல கூலரும் கெட்டுவிடும்.

பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ஈயம் வைத்து ஊதி அடைத்துக் கொடுக்கும் ரேடியேட்டர் ஒர்க்ஸ்காரர் தெருவுக்கு ஒருவர் இருந்தார். அலுமினியத்தில் அந்த ஈயம் பிடிக்காது. ஆர்கான் வெல்டிங் வைக்கலாம் என்பார்கள். டீசல் ஊறின மெல்லிய தகட்டில் அது நிற்பதில்லை. உள்ளே ஆவி மிச்சமிருந்தால் ஆளுக்கே ஆபத்து. எம்-சீல் வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. சூடும் அதிர்வும் சேர்ந்து அதைப் பெயர்த்துவிடும். இன்னொரு வழி கூலரையே தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் இணைப்பது. மார்கழியில் வித்தியாசம் தெரியாது. 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரியைத் தொட்டது. அந்த மாதிரி வெயிலில், கால் டேங்க் டீசலோடு புதுச்சேரி வரை போனால் அத்தனை சூடும் டேங்கில்தான் சேரும். கம்பெனி தேவையில்லாமல் வைத்த சாமான் அல்ல அது. புதிதாக வாங்கிப் போடுங்கள். முடியாவிட்டால் புதுப்பேட்டையில் நல்லதாகப் பார்த்து, காற்று விட்டுச் சோதித்து வாங்குங்கள்.

கூலர் வைத்த இந்த வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. பல, பதினைந்து வருஷ ஆர்சி முடிந்து புதுப்பித்து ஓடுகின்றன. டீசலும் முன்பு இருந்த டீசல் அல்ல. 2010ல் சென்னைக்குக் கந்தகம் 50 பிபிஎம் ஆனது, 2020ல் 10 ஆனது. காற்றுக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பழைய டீசலில் ஊறி இறுகிய ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கி ஒழுகத் தொடங்கின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியதும் பெட்ரோலோடு இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் காரையே விட்டுவிட்டது. நான் தொழில் கற்ற மாதிரிக் கடைகளில் பல இப்போது இல்லை, இருப்பவை ஜெனரேட்டரையும் லாரியையும் வைத்து ஓடுகின்றன. கண்ணாடிக் குழாய் பார்த்துப் பம்ப் செட்டிங் செய்யத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த நுட்பத்தை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ரிட்டர்ன் பக்கம் ஒழுகினால் பெரும்பாலும் வண்டி நிற்காது. அதனால்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். டீசல் பெட்ரோல் மாதிரிப் பற்றாது என்ற நினைப்பும் இருக்கிறது. நம் நாட்டுத் தர விதிப்படி டீசலின் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். சூடாகித் திரும்புகிற டீசல் அந்த அளவைத் தாண்டியிருக்கும், பக்கத்திலேயே சைலன்சர் குழாய் ஓடுகிறது. அதைவிட எனக்குப் பயம் ரோட்டைப் பற்றி. நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம் சிக்னல்களில் வண்டி நிற்கிற இடத்தில் சொட்டும் டீசல் தாரோடு படலமாகிவிடும். முதல் தூறலில் அதன் மேல் பிரேக் பிடிக்கிற பைக்குக்காரன் விழுவான்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் வண்டியை எடுத்ததும் நிறுத்தியிருந்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஏசி தண்ணீர் காய்ந்துவிடும், டீசல் காயாது. தரையில் வானவில் நிறம் தெரிந்தாலோ வாசனை அடித்தாலோ, வண்டி நன்றாக ஓடுகிறதே என்று விடாமல் அந்த வாரமே அடித்தளத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் குடியிருந்தால், சர்வீஸின்போது அடித்தளத்தையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.